மீக்கடத்தி என்று சொன்னால் போதுமா?

2023 ஜூலை கடைசியில் ஒரு சின்னக் கருப்புத் துண்டு உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனது. காந்தத்தின் மேல் ஒரு ஓரம் தொட்டுக்கொண்டு, மறு ஓரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. தென் கொரியாவின் சோல் நகரில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செய்தது. பெயர் எல்.கே-99. சாதாரண வெப்பநிலையில், சாதாரண காற்றழுத்தத்தில் வேலை செய்யும் மீக்கடத்தி (அதாங்க, சூப்பர் கண்டக்டர்) இதுதான் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் "இல்லை" என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எல்.கே-99 என்றாலே நக்கல்தான். 'விஞ்ஞானிகளே ஏமாந்த கதை' என்று ஒரு முத்திரையும் குத்தியாயிற்று.

எனக்கு இந்த நக்கலில் உடன்பாடு இல்லை. தோற்றுப்போனாலும் எல்.கே-99 ஒரு நல்ல கூற்று என்பது என் கட்சி. மற்றவர்கள் சோதித்துப் பார்க்கும்படி அது தன்னைத் திறந்து வைத்தது. நாம் பயப்பட வேண்டியது சோதிக்கவே விடாத கூற்றுகளைப் பார்த்துத்தான். அப்படியும் சில வந்திருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆடிட்டிங் பாடத்தில் முதலில் சொல்லித் தருவதே 'கணக்கு எழுதியவர் சொல்வதை நம்பாதே, வவுச்சரைக் கேள்' என்பதுதான். மீக்கடத்தி விவகாரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தப் பாடமே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஏன் இத்தனை ஆசை?

செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். அந்தச் சூடு, தயாரித்தும் யாருக்கும் பில் போட முடியாத மின்சாரம். மீக்கடத்தியில் மின்தடையே கிடையாது. அதனால் இந்த நஷ்டமும் கிடையாது. 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைக் கிட்டத்தட்ட -269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. கண்டுபிடிப்பு பெரியதுதான். ஆனால் அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். இன்றைக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரங்கள் பலவற்றின் வயிற்றில் இருப்பது அந்த ஹீலியம்தான். ஸ்கேனுக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1986-ல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இருவர் செம்பு ஆக்சைடு கலந்த ஒரு பீங்கான் வகைப் பொருளில், அதுவரை இருந்ததைவிட உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தலைக் கண்டார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே 'இருக்கலாம்' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டு அடக்கமாகத்தான் சொன்னார்கள். சீக்கிரமே டோக்கியோவில் செய்து பார்த்தார்கள், வந்தது. 1987-ல் அமெரிக்காவில் சூ, வூ குழுக்கள் யிட்ரியம் சேர்த்த பொருளில் -180 டிகிரிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குத் திரவ நைட்ரஜன் போதும். சில வாரங்களில் உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதையே செய்துகாட்டினார்கள். அந்த ஆண்டே பெட்நோர்ஸுக்கும் முல்லருக்கும் நோபல் பரிசு. உண்மையான கண்டுபிடிப்புக்கு இதுதான் லட்சணம்: அடுத்தவன் கையிலும் வேலை செய்யும்.

அதற்குப் பிறகு வெப்பநிலை ஏறியது, ஆனால் அழுத்தமும் சேர்ந்து ஏறியது. 2015-ல் ஹைட்ரஜன் சல்ஃபைடில் -70 டிகிரி, 2019-ல் லாந்தனம் ஹைட்ரைடில் சுமார் -23 டிகிரி. ஆனால் இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து, காற்றழுத்தத்தைப் போல 15 லட்சம் மடங்குக்கு மேல் நசுக்க வேண்டும். அதை வைத்து மின்கம்பி இழுக்க முடியாது. அதனால்தான் 'அழுத்தமும் வேண்டாம், குளிரும் வேண்டாம்' என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

எப்படிச் சோதிப்பது?

முதல் கேள்வி, மின்தடை நிஜமாகவே சுழியமா? கேட்க எளிது, அளக்கக் கஷ்டம். இரண்டு கம்பி வைத்து அளந்தால் கம்பியின் தடையும், தொடும் இடத்தின் தடையும் சேர்ந்துவிடும். அதனால் நான்கு முனை வைப்பார்கள். இரண்டில் மின்சாரம் போகும், மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. துண்டில் ஓட்டையும் விரிசலும் இருந்தால் மின்சாரம் அளக்கும் முனைகளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடும், மீட்டர் சுழியம் காட்டும். வரைபடத்தின் அளவுகோலையும் பார்க்க வேண்டும். கோடிகளில் கணக்குப் போட்டால் என் பாக்கெட் மணியும் சுழியம்தான். அதுபோல அளவுகோல் பெரிதாக இருந்தால் சாதாரணச் செம்பும் சுழியத்தில் படுத்திருப்பதாகத் தெரியும்.

இரண்டாவது கேள்வி, காந்தப்புலத்தை வெளியே தள்ளுகிறதா? 1933-ல் மைஸ்னரும் ஆக்சென்ஃபெல்டும் கண்டது இது. காந்தத்தின் அருகே வைத்துக் குளிர்வித்தால், மீக்கடத்தி தன் உள்ளே இருந்த காந்தப்புலத்தை வெளியேற்றிவிடும். மிதப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் மிதப்பதெல்லாம் மீக்கடத்தி இல்லை. 1997-ல் நெதர்லாந்தில் ஆந்த்ரே கைம் குழு மிக வலுவான காந்தத்தில் ஒரு உயிருள்ள தவளையையே மிதக்கவிட்டது. தவளை மீக்கடத்தியா? :-) பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் ஒரு வகையும் காந்தத்தின் மேல் மிதக்கும். இதற்கு டயா காந்தத்தன்மை என்று பெயர். இரும்புத்தன்மை கொஞ்சம் கலந்த துண்டோ ஒரு ஓரத்தை ஊன்றிக்கொண்டு மறு ஓரத்தைத் தூக்கி நிற்கும். வீடியோவில் பார்த்தது நினைவிருக்கிறதா?

மூன்றாவது, வெப்பம். ஒரு பொருள் முழுதும் மீக்கடத்தியாக மாறும்போது அதன் தன்வெப்பத்தில் ஒரு தாவல் தெரியும். துண்டின் ஒரு மூலை மட்டும் வேடிக்கை காட்டுகிறதா, முழுத் துண்டும் மாறிவிட்டதா என்று பிரித்துச் சொல்வது இதுதான். எல்.கே-99 கட்டுரையில் அந்தத் தாவல் தெளிவாகத் தெரியவில்லை.

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. இதே மூன்றையும் சம்பந்தமில்லாத இன்னொருவர், தானே செய்த துண்டில் காண வேண்டும். நம் பாஷையில் சொன்னால் வெளித்தணிக்கை.

எல்.கே-99 தணிக்கை

2023 ஜூலை 22-ல் இரண்டு கட்டுரைகளை இணையத்தில் ஏற்றினார்கள். யாரும் சரிபார்க்காத கட்டுரைகள். ஒன்றில் மூன்று பேர் பெயர், மற்றதில் ஆறு பேர். நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது என்பதால் உலகமே சிரித்தது. முதல் கட்டுரை தன் அனுமதியில்லாமல் போடப்பட்டது, குறைகள் நிறைய என்று இரண்டாவது கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரே சொன்னார். அவசரக் கோலம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரைகளில் செய்முறை இருந்தது. ஈய ஆக்சைடும் ஈய சல்ஃபேட்டும் சேர்த்து ஒரு பொடி, செம்பும் பாஸ்பரஸும் சேர்த்து ஒரு பொடி. இரண்டையும் அரைத்து, காற்றெடுத்த குழாயில் அடைத்து, 925 டிகிரியில் சில மணி நேரம் வேகவைக்க வேண்டும். கிட்டத்தட்ட சமையல் குறிப்பு. வைரமும் வேண்டாம், லட்சம் மடங்கு அழுத்தமும் வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பொறியாளர் இதை இணையத்தில் நேரடி ஒளிபரப்போடு செய்து பார்த்தார்.

டெல்லியில் உள்ள நம் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அவானா குழு அதே முறையில் செய்து, ஜூலை 31-க்குள் முடிவை வெளியிட்டது. காந்தம் மிதக்கவில்லை. இந்தத் துண்டைப் பொறுத்தவரை, இதுவரை மீக்கடத்தல் தெரியவில்லை, மேற்கொண்டு அளந்துகொண்டிருக்கிறோம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். 'பொய்' என்று கூவவில்லை. அடுத்த நாளே கலிபோர்னியாவில் பெர்க்லி ஆய்வகத்தின் சினேட் கிரிஃபின் கணினியில் போட்ட ஒரு கணக்கை 'நிரூபணம்' என்று இணையம் கொண்டாடியது. நான் நிரூபிக்கவில்லை என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. கட்டுரையில் 104.8 டிகிரியில் மின்தடை சரேலென்று விழுவதாக ஒரு எண் இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் ஜெயின் என்ற வேதியியலாளருக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்டியது. அவர் செம்பு சல்ஃபைடில் வேலை செய்தவர். செம்பு சல்ஃபைடு 104 டிகிரியை ஒட்டித்தான் உருமாறும். எல்.கே-99 செய்யும்போது கழிவாக விழுவதும் அதே செம்பு சல்ஃபைடுதான். அதாவது கம்பெனி லாபம் என்று காட்டியது, பழைய சாமான் விற்ற காசு! பெய்ஜிங் ஆய்வாளர்கள் செம்பு சல்ஃபைடு கலந்த துண்டை அளந்து, அந்த வீழ்ச்சி அதனால்தான் என்று காட்டினார்கள். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாதி மிதப்புக்கு இரும்பு போன்ற காந்தத்தன்மையே போதும் என்று காட்டினார்கள். ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்படமே இல்லாத படிகத்தை வளர்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் அழகான படிகம். மின்தடை பல லட்சம் ஓம். மீக்கடத்தியும் இல்லை, கடத்தியும் இல்லை, மின்கடத்தாப் பொருள்!

நான்கு வாரம். அவ்வளவுதான். கொரியாவிலேயே அமைத்த சரிபார்ப்புக் குழுவும் 2023 டிசம்பரில் ஆதாரம் இல்லை என்று முடித்தது. அசல் துண்டு அந்தக் குழுவின் கைக்குக் கடைசிவரை வரவில்லை. அது கரும்புள்ளிதான். ஆனால் செய்முறை வெளியே இருந்ததால், துண்டு வராமலே விடை வந்துவிட்டது.

திறக்காத பெட்டிகள்

இதோடு இன்னொரு கதையை வைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரங்கா டயஸ் குழு, 15 டிகிரியில் மீக்கடத்தல் கண்டதாக எழுதியது. அழுத்தம் சுமார் 26 லட்சம் மடங்கு. வெளியிட்டது நேச்சர் இதழ், அட்டைப்படத்தோடு. அதாவது சரிபார்க்கப்பட்ட கட்டுரை. சான்டியாகோவில் இருக்கும் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், காந்த அளவீட்டின் மூல எண்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அவை வெளியே வர ஓராண்டுக்கு மேல் ஆனது. வந்த பிறகு சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. 2022 செப்டம்பரில், ஆசிரியர்கள் ஒப்பாமலே, நேச்சர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023 மார்ச்சில் அதே குழு லுட்டீசியம் ஹைட்ரைடு என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது, அதே நேச்சரில். மே மாதத்திலேயே சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு இல்லை என்று எழுதியது. நவம்பரில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கேட்டு எழுதியவர்கள் கூட எழுதிய பதினொரு பேரில் எட்டுப் பேர்!

பல்கலைக்கழகம் முதலில் நடத்திய மூன்று விசாரணைகளும் மேற்கொண்டு தோண்டத் தேவையில்லை என்றே முடிந்தன. வெளியாட்களை வைத்து நடத்திய நான்காவது விசாரணைதான் ஆராய்ச்சி முறைகேடு நடந்தது என்றது. அவர் மறுத்தார். 2024 நவம்பரில் அவர் இப்போது எங்கள் ஊழியர் இல்லை என்று பல்கலைக்கழகம் சொன்னது. உள்தணிக்கைக்கும் வெளித்தணிக்கைக்கும் வித்தியாசம் எழுதுக என்று பரீட்சையில் கேட்டால் இதையே எழுதலாம்.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. 2018 ஜூலையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தாபா, பாண்டே இருவரும் தங்கத்துக்குள் வெள்ளி நுண்துகள் பதித்த பொருளில் -37 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தல் கண்டதாக எழுதினார்கள். செய்முறை விவரம் குறைவு. மற்றவர்கள் துண்டு கேட்டார்கள், உடனே கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பிரையன் ஸ்கின்னர் என்ற இளம் ஆய்வாளர் வரைபடத்தை உற்றுப் பார்த்து ஒன்றைக் கண்டார். வெவ்வேறு காந்தப்புலத்தில் எடுத்த இரண்டு அளவீடுகளில், தற்செயலாக ஏறி இறங்க வேண்டிய சின்னச் சின்ன நடுக்கங்கள் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தன. இரண்டு வெவ்வேறு நாள் காய்கறிச் செலவு பைசா பிசகாமல் ஒன்றாக இருந்தால் ஆடிட்டர் என்ன கேட்பார்? அதையேதான் அவரும் கேட்டார். யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அவர்கள் 2019 மே மாதத்தில் கூடுதல் விவரங்களோடு கட்டுரையைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் உலகம் ஒப்புக்கொள்ளும்படி மற்ற ஆய்வகங்களின் உறுதி இதுவரை வரவில்லை. உண்மையாகவே இருந்திருந்தால்? முதல் வாரத்திலேயே நான்கு துண்டுகளை நான்கு ஊருக்கு அனுப்பியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். திறக்காத பெட்டியால் முதல் நஷ்டம் பெட்டிக்குச் சொந்தக்காரருக்குத்தான்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். யாரும் சரிபார்க்காமல் இணையத்தில் போட்ட கட்டுரைக்கு நான்கு வாரத்தில் தீர்ப்பு. உலகின் பெரிய இதழில் அச்சான கட்டுரைக்கு இரண்டு வருடம். எங்கே அச்சானது என்பதைவிட, மற்றவர்கள் கையில் என்ன கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சந்தை காத்திருக்கவில்லை

நான் படிக்கும் பக்கம் இது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட் படிகம் வளரும் முன்பே பங்குச் சந்தை தீர்ப்பு சொல்லிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1-ல் அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் என்ற நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் ஏறியது. அதற்கும் எல்.கே-99க்கும் சம்பந்தம் பெயரில் இருந்த ஒரு சொல்தான்! கொரியாவில் மீக்கடத்திக் கம்பி செய்யும் சுனம் நிறுவனத்தின் பங்கும் பறந்தது. அந்த ஆய்வு நிறுவனத்தோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்தக் கம்பெனியே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏறியது இறங்கியபோது கையில் வைத்திருந்தவர்கள் யார்? முன்னால் வாங்கிய பெரிய கைகள் இல்லை. வீடியோ பார்த்துவிட்டுக் கடைசியில் வாங்கிய சின்னக் கைகள்தான். சோதனை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் பணம் போகிறது.

'காப்புரிமை இருக்கிறது, தொழில் ரகசியம் இருக்கிறது, எல்லாவற்றையும் எப்படித் திறந்து காட்டுவது?' என்று ஒரு வாதம் உண்டு. காப்புரிமையே, செய்முறையை வெளியே சொல்வதற்குக் கிடைக்கும் கூலிதான். ரகசியம்தான் வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய்க் கம்பெனி மசாலா விகிதத்தைச் சொல்வதில்லையே! ஆனால் அப்போது எங்கள் நம்பிக்கையைக் கேட்காதீர்கள், பரிசு கேட்காதீர்கள், முதலீடும் கேட்காதீர்கள். கணக்கைக் காட்டாதவருக்குக் கடன் கிடையாது.

இன்னொரு குறையும் இருக்கிறது. 'இல்லை' என்று கண்டுபிடித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் உட்கார்ந்து பொடி அரைத்தவர்களில் பலர் ஆராய்ச்சி மாணவர்கள். என் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர்கள். 'வரவில்லை' என்ற முடிவுக்கு வேலை உயர்வோ பெரிய நிதியோ வருவது அபூர்வம். கம்பெனிகளில் ஆடிட்டருக்குச் சட்டப்படி கட்டணம் உண்டு. அறிவியலில் மட்டும் தணிக்கை தர்ம காரியமாக ஏன் இருக்க வேண்டும்? நிதி கொடுக்கும் அமைப்புகள் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். பெரிய கூற்றை அச்சிடும் இதழ், மூல எண்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். முடிந்தால் இன்னொரு ஆய்வகத்தின் கையெழுத்தையும் கேட்க வேண்டும்.

அறை வெப்பநிலை மீக்கடத்தி கண்டுபிடித்தாயிற்று என்று இன்னொரு செய்தி வரத்தான் போகிறது. உண்மையாகவே ஒருநாள் வரட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். செய்முறை முழுதாக இருக்கிறதா? மூல எண்கள் வெளியே இருக்கின்றனவா? சம்பந்தமில்லாத வேறு யாராவது செய்து பார்த்தார்களா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வரும்வரை அது செய்தி இல்லை, விண்ணப்பம். விண்ணப்பம் போட்டவரைக் கேலி செய்யவும் வேண்டாம், மாலை போடவும் வேண்டாம். பரிசீலிக்கிற ஆட்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் போதும்.